ஓரிஸ்யாவின் கத்தரிக்கோலும் மேவிஸின் கெட்டிலும்

சமவெளி நகரமான சஸ்கடூனில் ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் ஓரிஸ்யா பாபியுக்கின் கத்தரிக்கோலுக்குத் தனி மரியாதை. செல் இரண்டாகப் பிரியப்போகும் தருணத்தில் எடுத்த புகைப்படத்திலிருந்து நாற்பத்தாறு குரோமோசோம்களையும் நறுக்கி, ஜோடி சேர்த்து, அட்டையில் ஒட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. வரிவரியான அந்தப் புழுக்களைப் பார்த்த மாத்திரத்தில் இது ஒன்பது, அது பதிமூன்று என்பாள். பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாளைத்தான் மாற்றிச் சொல்வாள்.

1992 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸ் கடற்கரையிலிருந்து மேவிஸ் வேலைக்கு வந்தாள். வயது இருபத்தெட்டு. எல்லாரையும், அம்மா வயதுள்ள ஓரிஸ்யாவையும்கூட, ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் போடும் ஸ்லைடைத்தான் பொறுக்க முடியவில்லை.

படம் எடுக்குமுன் செல்களைக் கண்ணாடித் துண்டில் சொட்டு விட வேண்டும். சொட்டு காயும்போது செல் விரிந்து குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரவும். அந்தச் சமவெளியின் குளிர்காலக் காற்றோ அப்பளம் போல உலர்ந்தது. சொட்டு சட்டென்று காய்ந்துவிடும். பனி உருகும்வரை ஓரிஸ்யாவின் ஸ்லைடுகள் எல்லாம் இடியாப்பச் சிக்கல்தான். மேவிஸின் ஸ்லைடுகள் மட்டும் புள்ளி வைத்த கோலம். இருபத்திரண்டு வருஷமாக ஓரிஸ்யாவிடம் ‘சரி’ என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காத தலைமை டாக்டர் தோர்வால்ட்சன், மேவிஸின் ஸ்லைடைப் பார்த்து ‘அழகு’ என்றுவிட்டார். அந்த ஒரு சொல் ஓரிஸ்யாவின் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது.

உயரத்திலிருந்து சொட்டினால் செல் நன்றாக விரியும் என்று அந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. ஓரிஸ்யா முதலில் முழங்கை உயரத்திலிருந்து சொட்டினாள். பிறகு முக்காலி மேல் ஏறினாள். கடைசியில் காவலாளியிடம் ஏணியையே வாங்கிவிட்டாள். அங்கிருந்து விட்ட சொட்டு குறி தப்பி டாக்டரின் வழுக்கையில் விழுந்தது. மூன்று நாள் வரை அங்கே செல்கள் பிரிந்துகொண்டிருந்ததாக ரத்த வங்கிக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அந்த வாரம் கோதுமை விவசாயி ஒருவரின் எலும்பு மஜ்ஜை வந்தது. பத்து வருஷத்துக்கு முன் கழுத்துக் கட்டிக்காக அவருக்குக் கதிர்வீச்சும் கடும் மருந்தும் கொடுத்துக் குணமாக்கியிருந்தார்கள். இப்போது ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. வெறும் சோகையா, அன்றைய கதிர்வீச்சு அடியில் முளைத்த புற்றா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

மேவிஸ் ஒரு படத்தோடு வந்தாள். “கண்ணு, இதுக்கு ரெண்டு இடுப்பு இருக்கு, பாருங்க.”

குரோமோசோமுக்கு ஒரே ஓர் இடுப்பு. செல் பிரியும்போது அதைப் பிடித்துத்தான் குரோமோசோம் இழுக்கப்படும். இரண்டு இடுப்பு என்றால், எங்கோ இரண்டு குரோமோசோம்கள் அறுந்து, அறுந்த முனைகள் தப்பாக ஒட்டிக்கொண்டன என்று பொருள்.

ஓரிஸ்யா கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. “ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு, அவ்வளவுதான். உங்க ஊர் ஈரத்துல எல்லாமே ஒட்டிக்கும்போல.” அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மேவிஸின் முகம் சுருங்கியது. அன்று மதியம் ஓரிஸ்யாவுக்குப் பெரோகிக் கொழுக்கட்டை தனி ருசியாக இருந்தது.

மறுநாள் காலை, கோப்பில் ஒட்டுவதற்காக அந்தப் படத்தை நறுக்க உட்கார்ந்தாள். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கடக்கும் இடம் கறுத்திருக்கும். இங்கே கறுப்பே இல்லை. கத்தரிக்கோல் நின்றது. கண் தானாக வரிகளைப் படித்தது. மேல் பாதி ஐந்தாவது. கீழ்ப் பாதி பதினேழு. இரண்டிலும் அறுந்த மிச்சத் துண்டுகள் எங்குமே இல்லை. இடுப்பில்லாத துண்டைப் பிடித்து இழுக்க ஆளில்லை. செல் பிரியும்போது அது தொலைந்துபோகும்.

பதினேழின் தொலைந்த துண்டில்தான் காவல்கார மரபணு உட்கார்ந்திருக்கும். டி.என்.ஏ. அறுந்தால் “நில், தைத்துக்கொண்டு பிரி, தைக்க முடியாவிட்டால் செத்துப்போ” என்று செல்லை அதட்டுவது அதுதான். காவல்காரன் போன வீட்டில் செல் கிழிசலோடேயே பெருகும். பிள்ளைக்கும் கிழிசல், பேரனுக்கும் கிழிசல்.

ஆனால் ஒரு செல்லில் கண்டது தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொன்றிலாவது அதே கோளாறு தெரிய வேண்டும். அவளுடைய ஸ்லைடுகளோ இடியாப்பம். ஓரிஸ்யா மிச்ச மஜ்ஜைக் குழாயை எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் நடந்திராத தூரம் நடந்தாள்: பன்னிரண்டடி தள்ளியிருந்த மேவிஸின் மேஜைக்கு.

அங்கே கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை நாள் அதைத் தேநீர்ப் பைத்தியம் என்றே நினைத்திருந்தாள். மேவிஸ் அந்த ஆவியில் ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, இதுதானா?”

“ஹாலிஃபாக்ஸ் காத்தைக் கொதிக்கவெச்சு இறக்கிக்கறேன், கண்ணு. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்கதான் ஏணி மேல இருந்தீங்க.”

ஓரிஸ்யா பல்லைக் கடித்தாள். “நேத்து நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். சொட்டு விடு.”

இருபது செல்லில் ஆறில் அதே இரண்டு இடுப்பு. எது எதோடு ஒட்டியது என்று மேவிஸுக்கு எண் சொல்லத் தெரியவில்லை, ஓரிஸ்யா சொன்னாள். டாக்டரின் மேஜையிலிருந்து பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தைத் தானே அடித்தாள். புதியதில் ‘கண்டவர்’ என்ற இடத்தில் மேவிஸின் பெயரை எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழிக்காத குறை. விவசாயிக்கு அது நல்ல சேதி இல்லை. ஆனாலும் சோகை மாத்திரையில் மாதங்களைத் தொலைக்காமல் திங்கட்கிழமையே சிகிச்சை தொடங்கியது.

டாக்டர் அட்டையைப் பார்த்து ‘அழகு’ என்றார். மேவிஸின் சொட்டையா, ஓரிஸ்யாவின் வெட்டையா என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஓரிஸ்யாவின் மேஜைக்கும் ஒரு கெட்டில் வந்தது. மேவிஸுடையதைவிட ஒரு லிட்டர் பெரியது.