கையில் தந்த மாத்திரை அட்டை

கோத்தகிரி மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில் என்னருகே அமர்ந்த அம்மையார் தேயிலை பறிப்பவர். நெற்றியில் துண்டை இறுகக் கட்டியிருந்தார். தண்ணீரின்றி ஒரு மாத்திரையை விழுங்கினார்.

“தலை வலிக்கிறதா அம்மா?”

“இன்னும் வரலீங்க. வந்துருமோன்னு முன்னாடியே போட்டுக்கறதுங்க. தெனமும் இதைப் போடறதாலதான் வலியே வருதாம். நிறுத்தோணும்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க.”

“நிறுத்திவிடலாமே!”

“சொல்றது சுலபமுங்க. நிறுத்தி வலி போயிருச்சுன்னா என்னத்தச் சொல்லிப் படுக்கறதுங்க? தலைவலின்னா எஸ்டேட்டுல லீவு குடுப்பாங்க, ஊட்டுல படுக்க உடுவாங்க. சும்மா சும்மா அழுகாச்சி வருதுன்னா யாருங்க உடுவாங்க?”

“அதை மருத்துவரிடம் சொன்னீர்களா?”

“அவங்க கேக்கலீங்க.”

சற்றுப் பொறுத்து, எஞ்சிய மாத்திரை அட்டையை என் கையில் வைத்தார். “நீங்களே வெச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா போட்டுருவேன்.”

அவர் இறங்குமிடம் வந்தது. படிவரை சென்றவர் திரும்பி வந்து, என்னைப் பாராமல் கையை நீட்டினார். நடத்துநர் சீழ்க்கை ஊதி விரைவுபடுத்தினார். அட்டையைக் கொடுத்துவிட்டேன்.

மறுக்க எனக்கு உரிமையில்லை என்பதில் இன்றும் ஐயமில்லை. ஆனால், “மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த அழுகையை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், அம்மா” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இத்தனை ஆண்டுகள் தமிழ் கற்ற எனக்கு அது அப்போது வாயில் வரவில்லை.