ஆன்டெனாவில் மாட்டிய மொஹிங்கா

ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறினதிலிருந்து எங்கள் தாமுவே பேட்டை வீட்டு டிவியில் படம் உறைந்து உறைந்து நிற்கும். பால்கனி ஆன்டெனாவை நான் திருப்பாத திசை இல்லை.

இன்று காலை, தொடாமலே படம் பளிச்சென்று வந்தது.

எட்டிப் பார்த்தேன். மேல்மாடி செல்வி அக்கா காலைச் சாப்பாட்டுக்குத் தெருக்கடையிலிருந்து கயிற்றில் கட்டி மேலே தூக்கிய மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பை எங்கள் ஆன்டெனாவில் மாட்டி, அதைச் சாய்த்திருந்தது.

"எடுத்து விடும்மா, பசிக்குது!"

"செய்தி முடியட்டும்க்கா."

"ஆறிப்போகுதுடி!"

எடுத்து விட்டேன். படம் போனது.

இப்போது அங்கே ஒரு உப்புப் பையைக் கட்டியிருக்கிறேன். படம் பிரமாதம்.

ஆனால் தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று கத்துகிறார்கள்: "உங்க சாப்பாடு பாதியில மாட்டிக்கிச்சு!"

உங்கள் வீட்டு ஆன்டெனாவில் என்ன தொங்குகிறது?