ஆண்டவர் தந்த சனிக்கிழமைக் கூட்டம்

1992ஆம் ஆண்டு தை மாதம் அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது, என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வயதில் எல்லாமே அப்படித்தான் தெரியும்.

நான் உடற்கல்வி படிப்பிக்கிறவள். பட்டம் முடித்த கையோடு மேற்படிப்புக்குப் பதிந்து, ஆய்வு என்று புறப்பட்டேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சாமான்கள் வராத காலம். சாப்பாடு சுருங்கிய இந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளின் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இரண்டு பாடசாலைகளை எடுத்தேன். ஒன்று எங்கள் மிஷன் பாடசாலை. மற்றது அங்கிருந்து நாலு கட்டை தூரம் தள்ளி இருந்த சைவப் பாடசாலை. இரண்டிலும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அறுநூறு மீற்றர் ஓடவிட்டு நேரம் குறித்தேன்.

சைவப் பாடசாலைப் பிள்ளைகள் நன்றாகப் பின்தங்கியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆய்வுக்கு ஒரு வித்தியாசம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம்! அந்தக் கிராமத்தில் போசாக்கு குறைவு என்று பந்தி பந்தியாக எழுதி, கொழும்பில் இருந்த மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன்.

பதில் வர இரண்டு மாதம். நாலே வரி. இரு கிராமங்களும் ஒரே சந்தையில் அரிசி வாங்கும்போது இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும், பங்குனி முடிவதற்குள் காரணத்தைக் காட்டவும், முடியாவிட்டால் பதிவை விலக்கிக்கொள்ளவும்.

காரணம் எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் ஆளில்லை. தொலைபேசி இல்லை. திரும்ப எழுதிக் கேட்டால், பதில் வருமுன் பங்குனி போய்விடும். அம்மா பார்த்துவிட்டு, "படிச்சது காணும் பிள்ளை. ஓடுற பிள்ளையளுக்குப் பின்னாலை நீயும் ஓடினா, கலியாணத்துக்கு ஆர் நிண்டு கதைக்கிறது?" என்றா. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாள்களைக் கட்டிலில் பரப்பிவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, விடை தராவிட்டாலும் பரவாயில்லை. இதைக் கதைக்க ஒரு ஆளைத் தாரும்." இவ்வளவுதான் என் ஜெபம். அடுத்த நாளும் அதே ஜெபம். அதற்கடுத்த நாளும் அதுவே. கிழமைகள் இரண்டு போயின. ஒருவரும் வரவில்லை. கேட்கிறாரா என்றே சந்தேகப்பட்டேன்.

தை முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை. சாவகச்சேரியில் பாடசாலைகளுக்கான கரப்பந்துப் போட்டி. என்னைக் கோட்டு நடுவராக நிறுத்தியிருந்தார்கள். புள்ளி எழுதியவர் குகன். இன்னொரு பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர், என் வயதுக்காரர்தான். அதுவரை "வணக்கம்" சொன்னதைத் தவிர நாங்கள் கதைத்ததில்லை.

இடைவேளையில் அவர் கிட்ட வந்தார்.

"என்ன ஜெயா ரீச்சர், வெளியிலை விழுந்த பந்துக்கு உள்ளுக்கெண்டு கொடி காட்டுறீர்? அடிச்ச பெடியனே வெக்கப்பட்டுப் போனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிதத்தில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் பகிடியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பிள்ளையளை எப்ப ஓடவிட்டனீர்?"

"ஐப்பசியிலை. தீபாவளி கழிஞ்ச கிழமை."

குகன் தலையில் கை வைத்தார். "ஐயோ! அது கந்தசஷ்டி எல்லே! பெரிய வகுப்பிலை எத்தினை பிள்ளையள் விரதம் பிடிக்கிறதுகள் தெரியுமே? பின்னேரம் பாலும் பழமும்தான். அதுகளை விடியவெள்ளன அறுநூறு மீற்றர் கலைச்சிருக்கிறீர்!"

"ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"நீர் கேட்டனீரோ?"

நான் கையிலிருந்த கொடியைச் சுருட்டினேன்.

"வெளியிலையிருந்து ஒரு ரீச்சர் வந்து ஓடச் சொன்னா, பிள்ளையள் மாட்டம் எண்டு சொல்லுங்களே? உமக்காக ஓடியிருக்குதுகள்."

மிஷன் பாடசாலையில் அறுப்பின் பண்டிகைக் கிழமையைத் தவிர்த்து நாள் வைத்தவள் நான். அயல் வீட்டு அன்ரி சஷ்டி பிடிப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் அட்டவணையில் எங்கள் நாட்கள் மட்டுமே இருந்தன. பசியோடு எனக்காக ஓடிய பிள்ளைகளைப் பலவீனர் என்று எழுதியிருந்தேன். கர்த்தர் என்னை அந்த மைதானத்தில்தான் உடைத்தார்.

"திரும்ப ஓடவிடும்," என்றார் குகன். "நான் வாறன். ஆனா ஒண்டு, என்ரை ஆய்வுக் கட்டுரையை நீர் வாசிக்க வேணும். எட்டு மாசமா அலுமாரிக்குள்ளை கிடக்குது. ஆரட்டைக் காட்டுறது எண்டு தெரியேல்லை."

அப்போதுதான் விளங்கியது. நான் ஆளைக் கேட்டு ஜெபித்த நாட்களில், அவரும் ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறார்.

மாசி மாதம் திரும்ப ஓடவிட்டோம். குகனுக்குத் தெரிந்த, கொடிகாமத்தில் படிப்பிக்கும் வசந்தியும் வந்தாள். பெண் பிள்ளைகள் ஏன் இடையில் விளையாட்டை விடுகிறார்கள் என்று அவள் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். என் நிறுத்தற் கடிகாரம் பற்றரி இல்லாமல் செத்துக் கிடந்தது. குகன் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டத்துக்கு முன் நான் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்:

"பரவாயில்லை மிஸ். இண்டைக்குச் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள். ஏலுமெண்டாப் பிடிச்சுப் பாருங்கோ!"

ஓடினார்கள் பாருங்கள்! மிஷன் பாடசாலையையும் அதே கிழமை ஓடவிட்டோம். இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. போசாக்குப் பந்திகளை வெட்டினேன். நடந்த பிழையை முதல் அத்தியாயத்தில் எழுதினேன். பங்குனி முடிய முன்பே, தெரிந்த ஒருவர் கையில் கொழும்புக்குக் கொடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அதன்பின் மூவரும் சனிக்கிழமைகளில் கூடினோம். எங்கள் போதகர் ஞாயிறு பள்ளி அறையைத் தந்தார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள். முழங்கால் நாடியில் முட்டும். பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியதை மாறி மாறி வாசித்தோம். பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும். மைதானத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் திட்டத்தை மற்றவர்களிடம் காட்ட வேண்டும். எவ்வளவு மொக்குக் கேள்வி என்றாலும் கேட்கலாம். இந்த இரண்டும்தான் எங்கள் சட்டம். வசந்தியின் கேள்விக்கொத்தைப் பார்த்த குகன், "உந்தக் கேள்வியளை ஆம்பிளை மாஸ்டர் குடுத்தா ஒரு பெட்டையும் வாய் திறக்காது" என்றார். "அப்ப அண்ணை, உங்களை அந்தப் பக்கம் விடாட்டிச் சரி" என்றாள் அவள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. அவரவர் முறைப்படி கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவோம்.

இப்போது 1995. வசந்தி கலியாணம் முடித்து வன்னிக்குப் போய்விட்டாள். குகனின் கட்டுரை அலுமாரியை விட்டு வெளியே வந்தது. அவர் கொழும்பில் படிக்கிறார். அந்த வாங்குகளில் இப்போது பதினொரு பேர் இருக்கிறோம். ஆனாலும் மூன்று பேராக இருந்த அந்த முதல் மாதங்களை நினைக்காத சனிக்கிழமை இல்லை.

தனியாகத் தாளோடு மல்லுக்கட்டும் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். பிறகு எழும்பிப் பக்கத்தில் நிற்கிறவரிடமும் சொல்லுங்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பார்க்க வேண்டாம். சாவகச்சேரிப் பக்கம் என்றால், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அந்த ஞாயிறு பள்ளி அறைக்கு வாருங்கள். எழுதி முடிக்காததையும் கொண்டு வாருங்கள்.