வசந்தா என்னிடம் கேட்காத கேள்வி

வசந்தா சிஸ்டர் போய்விட்டாள் என்று வார்டிலிருந்து போன் வந்தபோது நான் மருந்தறையில் ஊசி நிரப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் காபி கலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். அடிப்பாவி, அப்படி என்ன அவசரம் உனக்கு! ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு புதிதாக ஒன்றை நிரப்பினேன். மேலே ஒரு நோயாளி காத்திருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளோடு நின்ற உங்களுக்கு அந்த ஊசியைத் தெரியும். செப்சிஸ் வந்தால், கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தியே வெறிபிடித்து உடம்பைத் தாக்குகிறது. பெப்டைடு என்ற புரதத் துணுக்கு மருந்து அதைச் சீராக்குமா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது மருந்தைத் தயாரிக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்கும் தெரியாது, ஊசி போடும் வசந்தாவுக்கும் தெரியாது.

ஆய்வு தொடங்கிய அன்றே என்னைச் சாப்பாட்டு மேசையிலிருந்து விரட்டிவிட்டாள்.

“எடி பத்மா, உன் மூஞ்சி கண்ணாடி டம்ளராக்கும். உள்ள இருக்கறது அப்படியே வெளில தெரியும். இது முடியற வரைக்கும் என் கண்ணுல படாதே.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளுருத்தியில் நான் ஏறும் பஸ்ஸில்தான் அவளும் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்குவாள்; அந்த பஸ்ஸையும் விட்டுவிட்டாள். ஆனால் தேங்காய் அரைத்த மொளகூட்டல் குழம்பு செய்த நாளெல்லாம் எனக்கு டப்பா வந்துவிடும். அவள் மட்டும் வரமாட்டாள்.

ஓட்டல் வேலைக்கு வந்த தேனிக்காரர் ஒருவர் இந்த ஆய்வில் சேர்ந்து வசந்தாவின் வார்டில் கிடந்தார். அவர் மனைவி வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “மருந்தா, தண்ணியா? சொல்லுங்கக்கா!”

“எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா உன்கிட்டப் பொய் சொல்ல வேண்டி வரும். தெரியாததாலதான் உன் முன்னால நிக்க முடியறது.” அவர் இறந்தபோது அந்தப் பெண் வசந்தாவின் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

பிறகு இடக்கொச்சியிலிருந்து வசந்தாவின் அண்ணனே நோயாளியாக வந்து சேர்ந்தார். காலில் பட்ட காயம் புண்ணாகி, கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தது. ஆய்வுக்குச் சம்மதம் தந்தது அண்ணன் மனைவி, அவளுடைய மன்னி. “மன்னி, வெறும் உப்புத் தண்ணியாவும் இருக்கலாம். தெரிஞ்சுண்டு சம்மதி” என்று மட்டும் வசந்தா சொன்னாள். ஊசியை வேறு நர்ஸ்தான் போட்டாள். அவர் பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவள், லிஃப்ட் கதவு திறந்தபோது என் எதிரே நின்றாள். அண்ணனுக்குப் போனது மருந்தா தண்ணீரா என்று கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாக. அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லாதே. எங்கண்ணாவுக்காக ஒரு வார்த்தை கேட்டேன்னா, மத்தவா மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஸ்டடி முடியட்டும். அன்னிக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். அப்ப சொல்லு.”

ஆய்வு இன்னும் முடியவில்லை.

வசந்தாவின் இழவு வீட்டுக்கு வந்தவள் உள்ளே வராமல் வாசலோடு திரும்பிவிட்டேன் என்று உங்களில் சிலருக்கு என்மேல் வருத்தம். உள்ளே மன்னி உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வசந்தா கேட்காத கேள்வி அவள் கண்ணில் இருந்தது. நான் என்ன செய்வேன்?

வசந்தா கடைசியாக அனுப்பிய டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையையும் வைத்திருக்கிறேன். ஆய்வு முடிகிற அன்று மன்னியிடம் போய் இரண்டையும் கொடுத்துவிடுவேன். அதுவரை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரும் என் முகத்தைப் பார்க்காதீர்கள்.