மாஜிதா கண்டுபிடிக்காத கொலையாளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்ததும், அன்றைக்குச் சாக வேண்டிய ஆளைத் தேடத் தொடங்குவார் சேக் முகைதீன். ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு ஒரு பகையாளியை உண்டாக்கி, உடல் கிடக்கும் இடம்வரை முடிவு செய்துவிட வேண்டும். முன்பெல்லாம் மம்சாபுரம் விலக்கிலேயே வேலை முடிந்துவிடும். இப்போது முடிவதில்லை. எதிர்ச்சீட்டில் ஒரு பெண் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு அசந்துபோய் இருக்கிறாள். பக்கத்தில் மில் ஷிஃப்ட் முடித்த ஒருவர் வாய் திறந்து தூங்குகிறார். இவர்களைக் கொன்று யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அலுப்பாக வரும். பாதி வழியில் அவரும் தூங்கிவிடுவார்.

ராஜபாளையத்தில் அவருக்குத் தண்ணீர் மோட்டார் சாமான்கள் விற்கும் கடை. வயது அறுபத்திரண்டு. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், கெபாசிட்டர் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு நீள நோட்டில் எழுதுவார். 'சேகர் மோகன்' என்ற பெயரில் முப்பது வருடங்களாக மாதம் ஒரு துப்பறியும் நாவல். இத்தனை பேரைக் கொன்றவர், கறிக்கடையில் கோழி அறுக்கும்போது ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

கதைப் பிணங்களில் பாதி செண்பகத்தோப்புக் காட்டில்தான் கிடக்கும். அங்கே வேலை பார்க்கும் வனக்காவலர் சிவனாண்டிக்கு அதில் வருத்தம். பேரிங் வாங்க வந்தால் சண்டைக்கு நிற்பார்.

"பாய், ரெண்டு வருசத்துல எங்க ஏரியாவுல மட்டும் பதினாலு பொணம் போட்டுருக்கிய. ஒண்ணு ரெண்ட வேற பக்கம் அனுப்பக் கூடாதா?"

"வேற காட்டுல எனக்கு வழி தெரியாதுப்பா."

ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் அவருடைய நாவல்கள் கிளிப் மாட்டித் தொங்கின. இன்று அந்தக் கயிறுகளில் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. சென்னையிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற இளம் பதிப்பாசிரியர் போனில் பேசினார். "சார், இந்த மாசத்தோட அச்சு நிறுத்துறோம். இனி ஆப்ல ஆடியோதான். மூணு நிமிஷத்துக்கு ஒரு அதிர்ச்சி வேணும்." சேக் முகைதீன் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எந்த நாவலையும் முதலில் படிப்பவர் அவர் மனைவி மாஜிதா. பகல் தொழுகை முடிந்ததும் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்வார். ஐந்தாறு அத்தியாயம் போனதும், "இந்தா, இவந்தான்" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சேக் முகைதீன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாலு பக்கம் மாற்றி எழுதுவார். மாற்றியதையும் மாஜிதா கண்டுபிடிப்பார். அதற்குமேல் இவர் மல்லுக்கட்டுவதில்லை.

அச்சில் வரப்போகும் கடைசி நாவலைப் போன வாரம் படித்து முடித்த மாஜிதா, "கடைசி வரைக்கும் யாருன்னே தெரியல. கம்பவுண்டர் மேல எனக்குச் சந்தேகமே வரலங்க" என்றார்.

மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றே தட்டச்சுச் செய்யக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சிவனாண்டியைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் பஸ்ஸில் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீட்டில் இருந்தபோது, கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஷிஃபா பேசினாள். அவர் பெருமையோடு விஷயத்தைச் சொன்னார். மகள் சிரித்துவிட்டாள்.

"என்ன அத்தா சொல்லுதிய? அஞ்சாம் அத்தியாயத்துலயே கம்பவுண்டர்தான்னு அம்மா என்கிட்டச் சொல்லிட்டாவளே."

போனை வைத்தார். பிறகு அடுக்களைக்குப் போனார். மாஜிதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுல புடிச்ச?"

மாஜிதா நிமிர்ந்து பார்த்தார். மழுப்பவில்லை.

"செத்தவ பிள்ளைக்கு அவன் ஒருத்தன்தான சோறு ஊட்டுதான்? வேலை மெனக்கெட்டு ஒருத்தன நல்லவனாக் காட்டுனியன்னா அவந்தான் கொன்னிருப்பான். முப்பது வருசமா அப்படித்தான எழுதுதிய."

"பொறவு ஏன் தெரியலன்ன?"

"ஒங்க மொகத்தப் பாத்தேன். ஆளே ஓஞ்சுபோய்க் கெடந்திய. கடைசிப் புஸ்தகத்துலயாவது ஜெயிச்சுட்டுப் போகட்டுமேன்னு இருந்துச்சு."

தனக்குக் கோபம் வரும் என்று சேக் முகைதீன் நினைத்தார், வரவில்லை. தன் கதைகளில் ஏமாற்றப்பட்டவர்களை எத்தனை பக்கம் கத்த வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அங்கேயே சுவரில் சாய்ந்தபடி சென்னைக்குப் போன் போட்டார்.

"தம்பி, அச்சுக்குப் போயிருச்சா?"

"திங்கக்கிழமை போகுது சார்."

"நிறுத்துங்க. கொலைகாரன மாத்தணும். ரெண்டு நாள் குடுங்க."

"எதுக்கு சார் இப்பப் போய்? யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"கண்டுபிடிச்சாச்சு."

நீள நோட்டை எடுத்துவந்து கீரைக்கட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரமாயிற்று. மாஜிதா ஒரு பலகையை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். அதில் உட்கார்ந்து சேக் முகைதீன் ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்து ஒரு வரி அடித்தார், யோசித்தார், இன்னொன்றை அடித்தார். கீரையை ஆய்ந்தபடியே மாஜிதா மெல்ல எட்டிப் பார்த்தார்.

பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல, சேக் முகைதீன் இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டார்.