ஆடி கழியட்டும் என்றார்கள்

1. முதல் நாள்

நான் ஆடிட்டர் ஆபீஸ் படி ஏறியது ஆடி மாதத்தில். என் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கியது ஆவணியில் என்றுதான் சர்ட்டிபிகேட் சொல்கிறது. நடுவில் போன ஒரு மாதத்துச் சொச்சத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சி.ஏ. படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரீட்சை மட்டும் எழுதி யாரும் ஆடிட்டராகிவிட முடியாது. ப்ராக்டிஸில் இருக்கும் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து வேலை பழக வேண்டும். எங்கள் காலத்தில் மூன்று வருஷம். ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் போட்டு, அதில் எழுதிய தேதியிலிருந்துதான் நாள் ஓடும். அதற்கு முன்னால் ஆபீஸையே தலையில் தூக்கிச் சுமந்திருந்தாலும் அது சேராது.

சபாபதி சார் தர்மபுரியில் பேர் வாங்கிய ஆடிட்டர். அன்றைக்கு அவர் எதிரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என் காலேஜ் தோழி பூங்கொடி, அவளுடைய அம்மா. பூங்கொடிக்குக் காரிமங்கலம் பக்கம், தக்காளியும் மாந்தோப்பும் வைத்திருக்கும் குடும்பம். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தர்மபுரியில் பாத்திரக் கடை.

பூங்கொடியின் அம்மாதான் பேச்சை எடுத்தார். "ஆடியில நாங்க புதுசா எதுவும் ஆரம்பிக்கறதில்லீங்க சார். ஆவணி பொறக்கட்டுங்க."

சார் உடனே ஒத்துக்கொண்டார். "அதுக்கென்னங்க, ஆவணி மொத முகூர்த்தத்துல போட்டுறலாம். ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒண்ணாவே ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி ஒண்ணாவே அனுப்பிறலாம். ஆடி கழியற வரைக்கும் சும்மா வந்து பழகட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆடி பார்க்கிற வழக்கம் கிடையாது. பர்வீன் என்ற பெயரை அப்போதுதான் சார் பேப்பரில் குறித்துக்கொண்டார், அவருக்கும் அது தோன்றவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். சேர வந்த இடத்தில் முதல் நாளே, அதுவும் தோழியின் அம்மா எதிரில், தனியாகத் தெரிய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயந்திரம் கடைக்குப் போய் அத்தாவிடம் சொன்னேன். அவர் ஒரு அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆடியில எனக்கே யாவாரம் படுத்துக் கெடக்கு. ஆவணி பொறந்தாத்தான் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருவாங்க. ஊரே நிக்குது, நாம மட்டும் ஓடி என்னம்மா பண்ணப் போறோம்? அந்தப் புள்ளயோட சேந்தே போடு" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2. சும்மா பழகியது

ஆடிட்டர் ஆபீஸில் வருமான வரி ரிட்டர்ன் போட ஜூலை கடைசிதான் கெடு. ஊருக்கு ஆடி மந்தம் என்றால் எங்களுக்கு ஆடிதான் சீசன். 'சும்மா பழக' வந்த நாங்கள் இரண்டு பேரும் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க நேரமில்லை. பேங்க் ஸ்டேட்மெண்ட் டிக் அடித்தோம், டிடிஎஸ் சரிபார்த்தோம், வாத்தியார்கள் கொண்டுவந்து கொட்டிய எல்.ஐ.சி. ரசீதுகளைக் கூட்டினோம். அந்த மூன்று வருஷத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த மாதத்தில்தான் என்பேன். அந்த மாதத்தைத்தான் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, ஸ்டாம்ப் பேப்பருக்கு மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போட்டோம். பூங்கொடியின் அம்மா கல்கண்டு கொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

3. லீவு

ஆர்ட்டிகிளுக்கு இவ்வளவு லீவு என்று அளவு உண்டு. அதற்கு மேல் எடுத்தால் எடுத்த நாளையெல்லாம் கடைசியில் கூடுதலாக வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும். கடைசிப் பரீட்சைக்கு முந்தின பரீட்சையில் எனக்கு ஒரு க்ரூப், அதாவது பாதிப் பாடங்கள், பாக்கி இருந்தது. அதற்குப் படிக்கவே பெரும்பகுதி லீவு கரைந்துவிட்டது.

மூன்றாவது வருஷம் அத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸுக்குச் சேலம் போக வேண்டும். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அம்மாவுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லை. அதனால் நான்தான் கூட்டிப்போனேன்.

தொப்பூர் மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது அத்தா கண்ணை மூடிக்கொள்வார். அங்கே அவருக்குத் தலை சுற்றும். அதைத் தாண்டியதும் கண் திறந்து கேட்பார். "பரிச்ச எப்பம்மா?"

"மே மாசம் அத்தா."

"ரிசல்ட்டு?"

"ஜூலைல வந்துரும்."

"ஜூலை வரைக்கும் தாட்டிருவேன், போ" என்று சிரிப்பார். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைக்கு மேலே ஒரு மாடி ரூம் இருந்தது. சரக்கு போட்டுவைக்கும் இடம். அதைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, படிக்குக் கம்பி வைத்துக் கொடுத்தார். ஆனால் அவர் மேலே போய்ப் பார்க்கவில்லை. கால் வீங்கியிருந்தது. "நீ பாஸ் பண்ணி சேர்ல உக்காரு. நான் ஏறி வந்து பாக்கறேன்" என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகள் ஆடிட்டர் ஆகப்போகிறாள், மேலேதான் ஆபீஸ் என்று விரலைக் காட்டுவார்.

4. உள்ள வாம்மா

மே பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிற சமயம். கடைசிப் பரீட்சை எழுத வேண்டுமானால் ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது. எங்கள் காலத்து விதி அது. அதிகப்படி லீவையும் பாக்கியில் சேர்த்துக்கொள்வார்கள்.

சார் காலண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பர்வீன், கொஞ்சம் உள்ள வாம்மா."

பூங்கொடிக்குச் சரியாக இருந்தது. அவள் லீவே எடுக்காதவள். எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் மூன்று வாரம்போல இடித்தது. சார் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க வந்து உழைச்சீங்களேம்மா அந்த ஆடி மாசம், அது இருந்தாப் போதும். கணக்கு சரியா நின்னுருக்கும். இப்ப அதச் சேக்க வழியே இல்ல. பதிவான தேதிய யாரும் மாத்த முடியாது."

"உனக்கு ஆடி கெடையாதுங்கறதே எனக்குத் தோணலம்மா" என்றார். நான் பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பரவாயில்லையா என்ன? பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

அத்தாவிடம் பரீட்சை நவம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். லீவு அதிகமாகிவிட்டது என்று சொன்னால் தன்னால்தான் என்று நினைப்பார். அதனால் ஆடியைச் சொன்னேன்.

"நான்தான சேந்தே போடுன்னு சொன்னேன்" என்றார்.

எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தன் தலையில்தான் போட்டுக்கொண்டிருப்பார். இன்றுவரை எனக்கு ஆறாத இடம் அது.

5. ரிசல்ட்

ஜூலையில் பூங்கொடி பாஸ் ஆனாள். ஸ்வீட் பாக்ஸோடு நேராகக் கடைக்கு வந்தாள். அத்தா எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல டிபன் கேரியராகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அவள் காசு எடுக்கப் போனதற்குத் திட்டினார். அவள் போகும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா சொன்னதுக்கு நீ எதுக்குடி நின்ன?" என்று கேட்டாள்.

அத்தா செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார்.

நவம்பரில் எழுதினேன். ஒரு க்ரூப் போயிற்று. அடுத்த மேயில் முடித்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்: முதலிலேயே எழுதியிருந்தால் பாஸ் ஆகியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்போதும் போயிருக்கலாம். ஆனால் ஜூலையில் அத்தாவுக்கு ஒரு ரிசல்ட் கிடைத்திருக்கும். நல்லதோ கெட்டதோ, அவர் அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

6. ஆடியில் வருகிறவர்கள்

இப்போது கடைக்கு மேலே அந்த மாடி ரூமில் என்னிடமும் ஆர்ட்டிகிள்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் இரண்டாகிவிட்டது, பரீட்சை விதியும் மாறிவிட்டது. மாறாதது ஒன்றுதான். ஒப்பந்தத்துத் தேதிக்கு முன்னால் பார்த்த வேலை வேலையே இல்லை. அதனால் கையெழுத்தாகாத பிள்ளையை நான் ஒரு நாள்கூட உட்கார வைப்பதில்லை. 'சும்மா வந்து பழகு' என்ற பேச்சு எங்கள் ஆபீஸில் கிடையாது. சேரப் போகிறவர்களே, அடுத்தவருக்கு நாள் பார்த்தால் உங்களுக்கும் அதே நாள் என்று தலையாட்டிவிடாதீர்கள். கூச்சமாக இருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

இந்த ஆடியில் மொரப்பூரிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் நான் வேலையை விட்டு நிமிர்ந்து வாசலைப் பார்ப்பேன், இத்தனை வருஷமாகியும்.

பெண்ணை இன்றைக்கே சேர்த்துவிடலாம் என்றேன். அந்த அம்மா தயங்கினார்.

"ஆவணியில வரோங்க மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க வூட்ல ஆடியெல்லாம் பாக்க மாட்டீங்க. உங்களுக்குத் தெரியாதுங்க."

"பாத்திருக்கோங்க" என்றேன். "எங்க வூட்லயும் ஒரே ஒரு ஆடி பாத்தோங்க."