ஓடாத லாரி

மலேசியாவின் பெண்டாங் ஊர்ப் பட்டறையில், பட்டறைக்காரனின் பழைய கார் இருமியது. "இன்ஜின் டைமிங் சரியில்ல அண்ணே," என்றான் அவன். எங்கள் ரப்பர் தோட்டத்து லாரியும் ஒருநாள் இப்படித்தான் இருமியது.

சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த காலம். பட்டியலில் சித்தப்பா பெயரும் வந்தது. லாரி ஓட்டிய அப்பா, தீப்பொறி பிந்தி விழும்படி டைமிங்கைத் திருப்பி வைத்தார். "லாரி ஓடலன்னா எப்படிக் கொண்டுபோவான்?"

காலையில் லாரி புகைக்குழாயில் படபடவென வெடித்துப் புகைந்து நின்றது. சிப்பாய்கள் எல்லாரையும் ரயிலடிக்கு நடத்திப் போனார்கள். பதினைந்து மைல். சித்தப்பாவுக்குக் காலில் புண். "லாரியிலயே அனுப்பியிருக்கலாம்லா, அண்ணே," என்று சிரித்தபடி நொண்டிப் போனார். திரும்பவில்லை.

அப்பா மறுநாளே டைமிங்கைச் சரிசெய்தார். அடுத்துப் பெயர் வந்தவர்களை, நடக்க விடாமல், அவரே ஏற்றிப்போய் ரயிலடியில் விட்டார்.

கார் இப்போது சீராக ஓடியது. "ஏறுங்க அண்ணே, வீட்டுல விட்டுடுறேன்," என்றான் பட்டறைக்காரன். ஏறிக்கொண்டேன்.